ஒஸ்லோவில் பிறந்த உலாவியும் சங்கத்துப் பழைய கணனிகளும்

(சங்க மண்டபத்தில் நடந்த மாதச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன். சில இடங்களை மட்டும் சுருக்கியுள்ளேன்.)



செயலாளர் அண்ணை என்னைப் பேசச் சொன்னபோது முதலில் மறுத்தேன். நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. உயர்தரம் கணிதப் பிரிவில் எடுத்தேன். பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி காணாது. அதற்குப் பிறகு நாடு இருந்த நிலையில் படிப்பைப்பற்றி யோசிக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. 2010இல் இங்கே வந்தேன். இப்போது ஒரு பாண் தொழிற்சாலையில் பொதிசெய்யும் லைனில் நிற்கிறேன், ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. இந்த மண்டபத்திலேயே கணனித்துறையில் பட்டம் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் பிழையாகச் சொன்னால் திருத்துங்கள். ஆனால் பேசி முடிந்த பிறகு திருத்துங்கள்.

கதை மொத்தாக்கில் தொடங்குகிறது. நோர்வேயின் வடக்கில் ஒரு அகதிகள் வரவேற்பு நிலையத்தில் என்னை விட்டிருந்தார்கள். நாலு பேருக்கு ஒரு அறை. என்னிடம் இருந்தது பட்டன் அமர்த்துகிற ஒரு நோக்கியா போன். அதில் தமிழ்ச் செய்தி பார்க்க முயன்றால் பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள்தான் வரும். ஊரில் முகாம்களில் இருந்த எங்கட சனத்துக்கு என்ன நடக்குது என்று அறிய வேண்டும். செய்தி கையிலேயே இருக்குது, வாசிக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில் பொடியன் போனை வாங்கி, அதில் 'ஒப்பெரா மினி' என்ற உலாவியை இறக்கினான். முகவரி எழுதுகிற இடத்தில் 'ஒப்பெரா', ஒரு முக்காற்புள்ளி, பிறகு 'கொன்பிக்' என்று ஆங்கிலத்தில் அடித்தான். ஒரு பட்டியல் வந்தது. அதன் கடைசியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று ஒரு கேள்வி. ஓம் என்று மாற்றிவிட்டுத் தந்தான். தமிழ் வந்தது.

அது எப்படி வந்தது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒப்பெரா மினி பக்கத்தை நேரே போனுக்குக் கொண்டுவருவதில்லை. அவர்களுடைய சேர்வர் முதலில் பக்கத்தை வாங்கி, சுருக்கி, தமிழ் எழுத்துகளைச் சின்னப் படங்களாக்கி அனுப்பும். போன் படத்தைக் காட்டும், அவ்வளவுதான். அன்று இரவு கண் எரியும்வரை வாசித்தேன். அந்த உலாவியைச் செய்த ஆட்கள் நான் வந்திறங்கிய இதே நாட்டின் தலைநகரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒப்பெரா என்றவுடன் பியோர்விக்காவில் 2008இல் திறந்த வெள்ளைக் கட்டடத்தை நினைக்காதீர்கள். இது வேறு. அமெரிக்காவில் இருந்த ஆர்பாநெற் என்ற வலையமைப்பு, 1973இல் அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் உள்ள ஷெல்லர். நோர்வே தொலைபேசித் துறையின் ஆராய்ச்சி நிலையமும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே 1994இல் யோன் வொன் தெட்ஸ்னர், கெயிர் ஈவார்சொய் என்ற இரண்டு பேர் ஒரு உலாவி எழுதத் தொடங்கினார்கள். தொலைபேசிக் கொம்பனிக்கு அதில் பெரிய அக்கறை இருக்கவில்லை. 1995இல் இருவரும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தனிக் கொம்பனி தொடங்கினார்கள். ஈவார்சொய் 2006இல் காலமாகிவிட்டார். மற்றவர் 2011இல் ஒப்பெராவை விட்டு விலகி, பிறகு 'விவால்டி' என்ற இன்னொரு உலாவியைத் தொடங்கினார். அதற்கும் தலைமை அலுவலகம் ஒஸ்லோதான். முதலாவதற்குக் கூத்தின் பெயர், இரண்டாவதற்கு இசையமைப்பாளர் ஒருவரின் பெயர். ஆள் சங்கீதப் பிரியராக இருக்கவேணும்.

ஆரம்பத்தில் ஒப்பெராவின் பெருமை அதன் சிறுமைதான். 1.44 மெகாபைற் பிளொப்பித் தட்டு ஒன்றுக்குள் முழு உலாவியும் அடங்கிவிடும். பழைய, மெதுவான கணனியிலும் ஓடும். ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும். மற்ற இயங்குதளம் வைத்திருந்தவர்கள் எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டார்கள். மக்கின்ரொஷ், லினக்ஸ், பிஓஎஸ், கையடக்கமான சியோன் கருவியின் ஈப்பொக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்பெராவைக் கொண்டுபோக வேண்டி வந்தது. இதிலே என்ன கஷ்டம், கோப்பைக் கொப்பி பண்ணினால் சரிதானே என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கட தொழிற்சாலையில் ஒருமுறை பொதிசெய்யும் மெசின் ஒன்றைப் பழைய மண்டபத்திலிருந்து புதிய மண்டபத்துக்கு மாற்றினோம். மெசின் நல்ல மெசின், ஒரு குறையும் இல்லை. ஆனால் நோர்வேயில் பழைய கட்டடங்களில் மூன்று முனை மின்சாரம் 230 வோல்ட், புதியவற்றில் 400 வோல்ட். மோட்டர்களுக்குள் டெல்ற்றா இணைப்பைக் கழற்றி ஸ்ரார் இணைப்பாக மாற்ற வேண்டும். மாற்றாமல் சுவிட்சைப் போட்டால் மோட்டர் எரியும். காற்றுக்குழாய் இடப்பக்கம் வரும் என்று மெசின் எதிர்பார்க்கும், அங்கே வலப்பக்கம் இருக்கும். பட்டியின் உயரம் நாலு விரல் வித்தியாசம். மெசின் செய்கிற வேலை, அதாவது பாணை உறையில் போடுவது, கொஞ்சமும் மாறவில்லை. அதைச் சுற்றியுள்ள எல்லாம் மாறிவிட்டது. மூன்று நாள் லைன் நின்றது.

உலாவியும் அப்படித்தான். பக்கத்தை வாசித்து ஒழுங்குபடுத்துவது உள்வேலை. ஆனால் ஒரு கோடு கீற, ஒரு எழுத்தைக் காட்ட, விசைப்பலகையில் என்ன அமர்த்தினார்கள் என்று அறிய, வலையமைப்போடு கதைக்க, எல்லாவற்றுக்கும் அது இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். விண்டோஸிடம் கேட்கிற பாஷை வேறு, லினக்ஸிடம் கேட்கிற பாஷை வேறு. ஒப்பெராக்காரர் உள்வேலையை ஒரு துண்டாகவும், இயங்குதளத்தோடு கதைக்கிற பகுதியை வேறு துண்டாகவும் பிரித்து எழுதிக்கொண்டார்கள். புதிய இயங்குதளம் வந்தால் இரண்டாவது துண்டை மட்டும் எழுதினால் போதும். அதனால்தான் பிற்காலத்தில் போன், தொலைக்காட்சி, நின்ரென்டோ விளையாட்டுப் பெட்டி என்று எங்கெல்லாமோ அது ஓடியது.

லினக்ஸுக்குக் கொண்டுபோனபோது அவர்கள் 'கியூட்' என்ற கருவிப் பெட்டியைப் பயன்படுத்தினார்கள். சன்னல், பட்டன், பட்டியல் எல்லாம் கீறித் தருவது அதன் வேலை. அதைச் செய்த ட்ரோல்டெக் என்ற கொம்பனியும் இதே ஒஸ்லோதான், 1994இல் தொடங்கியது. இன்னொரு விஷயமும் கேளுங்கள். லினக்ஸில் கேடிஈ என்ற குழுவினர் அதே கியூட்டை வைத்து ஒரு உலாவி செய்தார்கள். அதன் உள்வேலைப் பகுதியை அப்பிள் எடுத்து சபாரி செய்தது. அதிலிருந்து கிளை பிரிந்து வந்ததுதான் இன்று குரோமுக்குள் இருப்பது. உங்கள் கையில் இருக்கிற குரோமுக்கும் ஒஸ்லோவுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு, மச்சான் முறையோ சித்தப்பா முறையோ தெரியாது.

மாற்று உலாவிக்கு இருந்த மற்றத் தொல்லை, வாசலில் மறிப்பது. பல இணையத்தளங்கள் வருகிற உலாவியின் பெயரைக் கேட்கும். ஒப்பெரா என்று உண்மையைச் சொன்னால் உள்ளே விடாது, அல்லது பக்கத்தைக் கோணலாகத் தரும். அதனால் ஒப்பெரா நீண்டகாலம் தன்னை மைக்ரோசொவ்டின் எக்ஸ்புளோரர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. விவால்டியும் 2019 மார்கழியிலிருந்து பெரும்பாலும் தன்னைக் குரோம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. உள்ளே ஆள் அதே ஆள்தான். இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் வேறு பெயர்ப் பாஸ்போட்டில் விமானம் ஏறினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. (இந்த இடத்தில் சபையில் நல்ல சிரிப்பு.)

சரி, எங்கட கணனிகளுக்கு வருவோம். தமிழ் வகுப்புக்கென்று ஒரு கொம்பனி கழித்துவிட்ட ஒன்பது மடிக்கணனிகள் சங்கத்திடம் இருந்தன. எல்லாம் விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொவ்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் உள்ளவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் வரை நீட்டித் தந்தார்கள், அது ஒரு வருடக் கடன்தான். விண்டோஸ் 11 போடலாம் என்றால், ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் புதிய புரொசசரும் கேட்கிறது. எங்கட ஒன்பதும் தேறவில்லை. கணக்காளர் அக்கா ஒன்பது புதியதின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடதாசியை மடித்து வைத்துவிட்டா. எறிவதென்று பேச்சு வந்தது. கணனி ஓடுது, திரை தெளிவாக இருக்குது, எறிய எனக்கு மனம் வரவில்லை. நான் லினக்ஸ் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான், லினக்ஸை இரண்டே இரண்டு தரம் தொட்டிருக்கிறேன் என்ற ஞாபகம் வந்தது.

லினக்ஸ் மின்ற் என்ற வகையைத் தெரிந்தெடுத்தேன். பார்வைக்கு விண்டோஸ் மாதிரி, பணமில்லை, பழைய கணனிக்கென்று பாரம் குறைந்த பதிப்பும் உண்டு. ஒன்றை வீட்டில் வைத்துச் செய்தேன். அதில் விவால்டியைப் போட்டேன். ஏன் விவால்டி என்று கேட்பீர்கள். ஒன்று, மொத்தாக்கில் பட்ட நன்றிக்கடன், அதை மறைக்கத் தேவையில்லை. மற்றது, தத்தல்களை அடுக்கி வைக்கிற வசதி வகுப்புக்கு நல்லது. பாங்க்ஐடி சோதித்தேன், வேலை செய்தது. முந்தி அதற்கு ஜாவா என்ற ஒன்று வேணும், இப்போது தேவையில்லை. தமிழ்ப் பக்கங்கள் அழகாக வந்தன. சந்தோசமாகப் படுத்தேன்.

மற்ற எட்டையும் இரவு வேலை இல்லாத ஒரு கிழமையில் இந்த மண்டபத்தில் இருந்து செய்தேன். இங்கே இன்ரநெற் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்தானே. அதனால் விவால்டிக் கோப்பை வீட்டிலேயே யுஎஸ்பிக் குச்சியில் இறக்கிக்கொண்டு வந்து, இணைப்பில்லாமலே நிறுவினேன். சனிக்கிழமை வகுப்புத் தொடங்கியது. ரீச்சர் பாடக் காணொளியைப் போடச் சொன்னா. எட்டுக் கணனியிலும் கறுப்புத் திரை. வீட்டில் செய்த அந்த ஒன்றில் மட்டும் படம் ஓடுது. பிள்ளைகள் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு பெற்றார், "எறிய வேண்டியதை எறிந்திருக்கலாம்" என்று எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

யூரியூப் எல்லாவற்றிலும் ஓடியது, எம்பி4 பாடங்கள் மட்டும் ஓடவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. மூன்று இரவு மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் விவால்டியைப் படத்தில் அழுத்தித் திறக்காமல், கறுப்புக் கட்டளைச் சாளரத்திலிருந்து திறந்து பார்த்தேன். அங்கே அது வெளிப்படையாகவே சொல்கிறது: எம்பி4 போன்றவற்றுக்கான பகுதி நிறுவப்படவில்லை, இன்ன கட்டளையை ஓட்டு என்று. படித்துப் பார்த்தால் விஷயம் இதுதான். எச்.264 என்ற காணொளி முறைக்கும் ஏஏசி என்ற ஒலி முறைக்கும் காப்புரிமை இருக்கிறது, பாவிக்கப் பணம் கட்ட வேண்டும். விண்டோஸிலும் மக்கிலும் இயங்குதளமே அவற்றை வைத்திருக்கிறது, விவால்டி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் அப்படி நம்பியிருக்க முடியாது. அதனால் விவால்டி நிறுவப்படும் நேரத்தில் அந்தத் துண்டை இன்ரநெற்றிலிருந்து தனியாக இறக்கிக்கொள்ளும். வீட்டில் இணைப்பு இருந்தது, இறங்கியது. மண்டபத்தில் நான் கெட்டிக்காரத்தனமாக இணைப்பில்லாமல் செய்தேன், இறங்கவில்லை. யூரியூப் பணம் கேட்காத வேறு முறைகளிலும் படத்தைத் தருவதால் அது தப்பியது.

செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. போனிலிருந்து இணைப்பைக் கொடுத்து, விவால்டியின் அடைவுக்குள் இருக்கிற 'அப்டேற் எவ்எவ்எம்பெக்' என்ற சிறிய நிரலை ஓட்டிவிட்டு, உலாவியை மூடித் திறந்தேன். எட்டும் சரி. பத்து நிமிசம் செல்லவில்லை. அதற்கு முன் போன மூன்று இரவையும் நான் சம்பளத்தில் கேட்க முடியாது.

தமிழ் அடிப்பதற்கு மின்ற்றிலேயே வசதி இருக்கிறது, இறக்கிப் போட்டால் சரி. தட்டச்சுப்பொறிப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு முறை, 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் வந்த தமிழ்99 ஒன்று, ஆங்கில ஒலியில் அடிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. இதைப்பற்றி வேண்டுமானால் தனியாகக் கதைப்போம்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் செயலாளர் அண்ணை எப்படியும் சொல்லிப்போடுவார். நிறுவும்போது மின்ற் ஒரு கேள்வி கேட்கும்: தட்டில் உள்ளதை அழித்துவிட்டு நிறுவவா? இரவு பதினொரு மணி, ஏழாவது கணனி, ஓம் ஓம் என்று அமர்த்திக்கொண்டே போனேன். அடுத்த கிழமை அண்ணை கேட்டார், "தம்பி, மூலையில் இருந்த அந்தக் கணனியில் எங்கட பழைய மலர்கள் எல்லாம் கிடந்ததே, எடுத்து வைச்சனீரோ?"

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 1996 தொடக்கம் 2003 வரை இந்தச் சங்கம் வெளியிட்ட புத்தாண்டு மலர்களின் கோப்புகள். நான் எழுதியவை அல்ல, என்ரை ஆட்கள் எழுதியவையும் அல்ல. நான் ஊரில் அரைக்காற்சட்டையோடு திரிந்த காலத்தில் இங்கே பனிக்குள் இருந்து யாரோ எழுதியவை. அழித்தது நான்.

அவற்றைத் தட்டச்சுச் செய்த அக்காவிடம் போனேன். பகலில் அலுவலகங்கள் துப்புரவு செய்துவிட்டு, இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு இருந்து அடித்தவ அவ. நான் விறாந்தையில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். "உதுக்கு ஏன் தம்பி உந்த முழி முழிக்கிறீர், முதலிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வாரும்" என்றா. தேத்தண்ணி தந்துவிட்டு, நிலக்கீழ் அறைக்குப் போய் ஒரு பிஸ்கற் ரின்னோடு வந்தா. அதற்குள் சீடித்தட்டுகள். வருடத்துக்கு ஒன்றாக எட்டு.

அவவின் புதிய கணனியில் சீடி போடுகிற இடமே இல்லை. சங்கத்தின் பழைய மடிக்கணனியில் இருந்தது. அதில் போட்டு வாசித்தோம். ஏழு வாசித்தது. 2001 வாசிக்கவில்லை, தட்டின் ஓரம் கழன்றுவிட்டது.

திறந்து பார்த்தால் ஒரு எழுத்துத் தமிழ் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் பாவித்தது பாமினி எழுத்துரு. பாமினியில் 'தமிழ்' என்று நீங்கள் அடித்தால் கணனி உள்ளே எழுதி வைப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ என்ற நாலு எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். பாமினி இருந்தால் அது தமிழாகத் தெரியும், இல்லையென்றால் குப்பையாகத் தெரியும். பாமினியை லினக்ஸில் எழுத்துரு அடைவுக்குள் கொப்பி பண்ணினேன், ஆவணங்கள் உயிர் பெற்றன. ஆனால் உலாவியில் தேட, பிள்ளைகளின் போனில் வாசிக்க அது உதவாது. யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றி தருகிற நிரல்கள் உண்டு, இருந்தாலும் கண்ணால் பார்க்கத்தான் வேணும். பாமினியில் 'கொ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். யுனிகோட்டில் க முதலில் வரும், மற்றது பின்னால். இடையில் ஒரு ஆங்கிலச் சொல்லோ நோர்வேஜியப் பெயரோ வந்துவிட்டால் அதையும் தமிழென்று நினைத்து நிரல் கொத்திவிடும். அக்கா பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித் திருத்தினா. இதுவரை மூன்று மலர் முடிந்திருக்கிறது.

போன சனிக்கிழமை வகுப்பில் 1997 மலரைத் திறந்து வைத்தோம். அதில் முதல் பனிக்காலத்தைப்பற்றி எழுதியவர் இப்போது எங்களோடு இல்லை. அவருடைய பேத்தி அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். அவள் அதைத் திக்கித் திக்கி, ழகரத்தை விழுங்கி, முழுவதையும் சத்தமாக வாசித்தாள். நடுவில் நிறுத்தி, "அப்பப்பா சப்பாத்து இல்லாமலா ஒஸ்லோவில் இறங்கினவர்?" என்று கேட்டாள். செருப்போடு இறங்கினவர் என்று ரீச்சர் சொன்னா.

இனி அறிவித்தல்கள். 2001 மலர் யாரிடமாவது தாளில் இருந்தால் தயவுசெய்து அக்காவிடமோ என்னிடமோ தாருங்கள். ஸ்கான் பண்ணிவிட்டுத் திருப்பித் தருவோம், ஒரு பக்கம் மடியாமல். அடுத்த மாதம் முதலாவது ஞாயிறு, பகல் ஒரு மணியிலிருந்து, பழைய மடிக்கணனி உள்ளவர்கள் இங்கே கொண்டு வரலாம். வர முதல் படங்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். எடுத்து வைத்தீர்களா என்று நான் இரண்டு தரம் கேட்பேன், கோவிக்க வேண்டாம். குறைந்தது 8 கிகாபைற் யுஎஸ்பிக் குச்சி ஒன்று வேணும். சார்ஜரையும் மறந்துபோகாமல் கொண்டு வாருங்கள், போனமுறை ஐந்து பேர் மறந்துவிட்டு வந்தவை.